கால் எலும்பில் விரிசல், 8 வாரம் ஓடக்கூடாது: அதுவரை என்ன செய்யலாம்?

அதிகாலை_அடையாறு (நவம்பர் 3, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, வங்கி வேலை, நான்கு வருடமாக ஓடுகிறேன். ஜனவரி சென்னை மாரத்தானில் முதல் முறையாக முழு தூரம், 42.2 கி.மீ., ஓடுவதற்குப் பெயர் கொடுத்திருந்தேன். செப்டம்பர் வரை வாரத்துக்கு 32 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவள் மூன்றே வாரத்தில் 54க்கு ஏற்றினேன். பூஜை விடுமுறை வந்தது, உடம்பும் ஒத்துழைத்தது, ஏற்றிவிட்டேன்.

வலி இடது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்பக்க விளிம்பில். முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் இருந்தது. அப்புறம் ஓடும்போதே வந்தது. கடைசியில் ராத்திரி படுத்தாலும் விண் விண் என்று தெறித்தது. ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம், அவ்வளவு சின்ன இடம். அங்கே விரலை வைத்து அழுத்தினால் உயிர் போகும், இரண்டு அங்குலம் தள்ளி ஒன்றுமே இல்லை. தைலம் போட்டு நீவினேன். சுளுக்கு எடுப்பவரிடம் போனேன், அவர் அழுத்திய அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அதை நம்பி இன்னும் பத்து நாள் ஓடினேன். போன வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓடி ஓடி எலும்பில் விழும் விரிசல், என்று வந்துவிட்டது. 8 வாரம் ஓடக்கூடாது. நடக்கும்போது இப்போது வலி இல்லை.

காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தாலே தொண்டை அடைக்கிறது. நான்கு வருடம் சேர்த்த மூச்சு எல்லாம் 8 வாரத்தில் போய்விடுமா? எலும்புக்குக் கெடுதல் இல்லாமல் என்ன செய்யலாம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி_தூரம் (நவம்பர் 3, இரவு 10.15)

சகோதரி, என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. ஒன்றும் செய்யாதீர்கள். எனக்கு இடுப்பு மூட்டுக்குக் கீழே, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் இதே விரிசல். கவட்டையில் லேசாக வலித்தது, தசைப் பிடிப்பு என்று நினைத்து ஜிம்மில் எலிப்டிக்கல், சைக்கிள் எல்லாம் ஓட்டினேன். மூன்றாவது வாரம் ஸ்குரூ போடுகிற அளவுக்குப் போய்விட்டது. ஆறு வாரம் ஊன்றுகோல். "சுறுசுறுப்பாக இரு" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் யாரும் அப்போது என் கூட வந்து உட்காரவில்லை. படுத்து ஓய்வெடுங்கள்.

மதுரை_பிசியோ (நவம்பர் 4, காலை 6.05)

திருச்சி நண்பர் பட்டது பெரிய கஷ்டம். அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது, அவருக்கு வந்த இடத்தைப் பொறுத்தவரை. தொடை எலும்பின் கழுத்து, பாதத்தின் மேற்பக்கம் இருக்கும் நேவிக்குலர் எலும்பு, கணைக்கால் எலும்பின் முன்பக்கம் ஆகிய மூன்றும் அபாயமான இடங்கள். அங்கே விரிசல் என்றால் மருத்துவர் காலை ஊன்றவே கூடாது என்றால் ஊன்றவே கூடாது. இந்த இழையைப் படிக்கிற யாருக்காவது கவட்டையில் வலி இருந்து, ஒற்றைக் காலில் ஒரு குதி குதித்தால் அது அதிகமானால், மற்ற எதையும் படிக்காமல் முதலில் போய் ஸ்கேன் எடுங்கள்.

அடையாறு சகோதரிக்கு வந்திருப்பது கணைக்கால் எலும்பின் உள்பக்க விளிம்பு. ரத்த ஓட்டம் நன்றாக உள்ள இடம், பெரும்பாலும் தானே கூடிவிடும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் இது தெரியாமல் போவது சகஜம்தான். அதனால்தான் விரல் சொல்வதை நம்ப வேண்டும் என்கிறேன். எலும்பு விளிம்பு நெடுக நான்கைந்து அங்குலத்துக்குப் பரவலாக வலித்தால் அது வேறு, ஒரே புள்ளியில் குத்தினால் இது. நீவுவதையும் தைலத்தையும் இன்றே நிறுத்துங்கள். விரிசல் விட்ட எலும்பை அழுத்தி ஒரு பயனும் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடிபட்டது எலும்பா, தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணா என்பதைப் பொறுத்துதான் எல்லாமே மாறும். தசைநாணுக்கு வேலை கொடுத்தால்தான் ஆறும், கொஞ்சம் வலித்தாலும் பரவாயில்லை. எலும்பு விரிசலுக்கு அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் எந்த அசைவு செய்தாலும் அந்த இடத்தில் வலி பூஜ்யமாக இருக்க வேண்டும். செய்யும்போது, அன்று இரவு, மறுநாள் காலை என மூன்று வேளையும் பூஜ்யம். இதற்குள் அடங்குகிற எதையும் செய்யலாம். தண்ணீருக்குள் ஓட்டம்தான் என் முதல் சிபாரிசு.

மூச்சு போய்விடுமா என்று கேட்டீர்கள். 1984இல் எட்வர்ட் காயில் என்ற ஆய்வாளர், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை 84 நாள் பயிற்சியே இல்லாமல் நிறுத்திப் பார்த்தார். உடல் உள்வாங்கும் ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் 3 வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது, 56ஆம் நாளில் 16 சதவீதம். அதற்கு மேல் இறங்கவில்லை. அதுவும் ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களுக்கு. நீங்கள் வாரம் நான்கு நாள் தண்ணீரில் ஓடினால் அந்தக் குறையில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

இரண்டு கேள்வி. வைட்டமின் டி பார்த்தீர்களா? இதைப் பொதுவில் கேட்பதற்கு மன்னிக்கவும், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?

கிணத்துக்கடவுக்காரன் (நவம்பர் 4, மாலை 7.30)

ஏனுங்க அக்கா, தண்ணீரில் ஓடுவதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் முன்பு எனக்குப் பாதத்தில், இரண்டாவது விரலுக்கு மேலே உள்ள எலும்பில் விரிசல். கோயமுத்தூர் மாரத்தானுக்கு ஏழு வாரம் இருந்தது. பக்கத்தில் நீச்சல் குளம் கிடையாது. எங்கள் தோட்டத்துக் கிணறுதான் இருந்தது.

கிணறு அறுபது அடி, அப்போது இருபது அடிக்கு மேல் தண்ணீர். சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க முதுகில் கட்டுவோமே, அதே மாதிரி 5 லிட்டர் காலிக் கேன் இரண்டை மூடி இறுக்கி இடுப்புக்குப் பின்னால் கயிற்றில் கட்டிக்கொண்டேன். மச்சான் படியில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொல்வான். முதல் நாள் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டிவிட்டது. தரையில் 15 கி.மீ. ஓடுகிறவன் நான்! கால் தரையில் படாது, நெஞ்சு வரை தண்ணீர், எந்தப் பக்கம் உதைத்தாலும் தண்ணீர் திருப்பித் தள்ளும். இருபதடி அகலத்தில் எங்கே போவது, நின்ற இடத்திலேயே ஓட்டம்தான். நம் மூச்சுச் சத்தம் கிணற்றுச் சுவரில் பட்டு நமக்கே திரும்பி வரும். தலைக்கு மேலே தூக்கணாங்குருவிக் கூடு ஆடிக்கொண்டிருக்கும், குருவி வருவதையும் போவதையும் எண்ணிக்கொண்டே ஓடுவேன். மூன்றாவது வாரம் 45 நிமிடம் வந்துவிட்டது.

அந்த வருடம் மாரத்தான் ஓடவில்லை. பிப்ரவரியில் ஆரோவில்லில் அரை மாரத்தான் ஓடினேன், 2 மணி 4 நிமிடம். அடிபடுவதற்கு முன்பு என் நேரம் 1.58. கிணறு இல்லையென்றால் இந்த ஆறு நிமிட வித்தியாசத்தோடு நின்றிருக்காது என்பது என் நம்பிக்கை.

தனியாக மட்டும் இறங்காதீர்கள். எத்தனை நன்றாக நீந்தினாலும் சரி, மேலே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அதிகாலை_அடையாறு (நவம்பர் 4, இரவு 10.50)

எல்லோருக்கும் நன்றி. திருச்சி அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் மறுபடி மருத்துவருக்குப் போன் செய்து எந்த இடம் என்று கேட்டுக்கொண்டேன். பிசியோ சார் சொன்ன அதே உள்பக்க விளிம்புதான், முன்பக்கம் இல்லை.

வைட்டமின் டி 14. 20க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று வாரம் ஒன்றாக 60,000 யூனிட் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலரைக்கு எழுந்து, முழுக்கை பனியன் போட்டு, வெயில் வருவதற்குள் ஓடி முடித்து, பத்து மணியிலிருந்து ஏசியில் உட்கார்ந்தால் வேறு எப்படி இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கும் பொதுவிலேயே பதில் சொல்கிறேன், மற்ற பெண்களுக்கும் பயன்படட்டும். ஆகஸ்டிலிருந்து வரவில்லை. கர்ப்பம் இல்லை என்று பார்த்தாயிற்று. மாரத்தானுக்கு எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். ஒரு கிண்ணம் பப்பாளி, அவ்வளவுதான். ஓடுவதால் நாள் தள்ளிப்போகிறது, இது எல்லா ஓட்டக்காரிகளுக்கும் நடப்பதுதான் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்று, எனக்கு நீச்சல் தெரியாது.

மதுரை_பிசியோ (நவம்பர் 5, காலை 5.50)

நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. உங்கள் எலும்பில் விரிசல் விட்டதற்கு 54 கி.மீ. பாதிக் காரணம் என்றால் அந்தப் பப்பாளிக் கிண்ணம் மீதிப் பாதி. உடம்புக்குள் போகிற சக்தி ஓட்டத்துக்கே செலவாகிவிட்டால், மிச்ச வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் நிற்பது முதல் மணி. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு புதுப்பிக்கும் வேலையும் தடுமாறும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ரெட்-எஸ் என்று தனிப் பெயரே வைத்தது, ஆண்களுக்கும் வரும் என்றும் சேர்த்துச் சொன்னது. மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இந்த 8 வாரத்தில் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. ஓடவில்லையே, எடை ஏறிவிடுமே என்ற பயம் வரும். எலும்பு கூடுவதற்கும் சாப்பாடு வேண்டும். இரவில் இரண்டு கேழ்வரகு தோசை, முட்டை அல்லது சுண்டல், ஒரு டம்ளர் பால் என்று ஆரம்பியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

நீச்சல் தெரியாவிட்டாலும் தண்ணீரில் ஓடலாம். இடுப்பில் கட்டுகிற மிதவை பெல்ட் கிடைக்கிறது, அது தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்திவிடும். கால் தரை தொடாத ஆழம் வேண்டும், பயிற்சியாளர் கரையில் இருக்க வேண்டும். குளத்தில் போய் "நீந்த வரவில்லை, ஓட வந்திருக்கிறேன்" என்று முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிவிடுங்கள். எல்லாரும் செய்கிற தவறு சைக்கிள் மிதிப்பது போல் முழங்காலை மட்டும் தூக்குவது. உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, காலைக் கீழே நேராக நீட்டிப் பின்னால் தள்ளுங்கள், தரையில் எப்படித் தள்ளுவீர்களோ அப்படி. உள்ளங்கையைத் துடுப்பு மாதிரி விரிக்காமல் லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்ப வேண்டாம். அதே சிரமத்துக்குத் தரையில் வருவதைவிடத் தண்ணீரில் பத்துப் பதினைந்து துடிப்பு குறைவாகத்தான் வரும். ஒரே சீராக ஓடினால் சலித்துவிடும். ஒரு நிமிடம் வேகம், அரை நிமிடம் மெதுவாக, இப்படிப் பதினைந்து முறை செய்து பாருங்கள்.

ஐம்பத்தெட்டில்_ஓட்டம் (நவம்பர் 6, காலை 8.20)

தசைநாண் பற்றி பிசியோ சார் ஒரு வரி சொன்னார், அதை நான் பிடித்துக்கொள்கிறேன். மயிலாப்பூர்வாசி, எனக்குக் குதிகாலுக்கு மேலே, அக்கிலிஸ் தசைநாணில் ஒரு வருடமாக வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் முதல் பத்து அடி நொண்டித்தான் நடப்பேன். ஓடாமல் இருந்தால் சரியாகும் என்று இரண்டு மாதம் ஓடாமல் இருந்தேன், வலி போயே போய்விட்டது. ஓட ஆரம்பித்த நாலாம் நாள் திரும்பி வந்தது. சரி, மெத்தென்று இருக்குமே என்று மெரினா மணலில் வெறுங்காலோடு நடந்தேன், இன்னும் மோசமானது.

அப்புறம்தான் படிக்கட்டு வைத்தியம் தெரிந்தது. 1998இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட்சன் என்ற மருத்துவர் வெளியிட்ட முறை. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் மேலே ஏறி, வலிக்கிற காலால் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. ஒரு நாளைக்கு 180. இதை 12 வாரம் செய்தேன். எங்கள் வீட்டு மாடிப்படியின் மூன்றாவது படியில் மொசைக் என் பெருவிரல் படும் இடத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. ஐந்தாவது வாரம் வரை ஒரு முன்னேற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது ஒரு நாள் காலையில் காபிக்காக எழுந்து சமையலறை வரை நடந்தபிறகுதான் நொண்டவில்லை என்பதே உறைத்தது.

மதுரை_பிசியோ (நவம்பர் 6, பகல் 1.15)

அருமை ஐயா. ஒரு திருத்தம் மட்டும், மற்றவர்களுக்காக. வலி குதிகால் எலும்போடு தசைநாண் ஒட்டுகிற இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையிலேயே செய்ய வேண்டும். மெரினாவில் உங்களுக்கு மோசமானதற்கும் இதே மாதிரிதான் காரணம். மணலில் குதிகால் புதையப் புதைய அந்த நாண் கூடுதலாக இழுபடும். தசைநாணுக்குப் பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவு அதிகம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் இந்த அளவுகோலே கெட்டுப்போகும்.

தாம்பரம்_தடம் (நவம்பர் 7, இரவு 9.05)

எனக்கு உள்ளங்கால், குதிகாலின் அடியில். பிளான்டர் ஃபேஷியைட்டிஸ் என்றார்கள். வீட்டில் கிரானைட் தரை. வீட்டுக்குள் செருப்புப் போடச் சொல்கிறார் நான் பார்க்கும் பிசியோ, அம்மா செருப்போடு சமையலறைக்குள் வராதே என்கிறார். என்ன செய்ய?

ஐம்பத்தெட்டில்_ஓட்டம் (நவம்பர் 7, இரவு 9.30)

தம்பி, வீட்டுக்கு மட்டும் என்று புதிதாக ஒரு ஜோடி வாங்குங்கள். அம்மா கண் முன்னாலேயே டப்பாவைப் பிரித்து, இது வாசலைத் தாண்டாது என்று சொல்லிப் போடுங்கள். என் மனைவி அப்படித்தான் சம்மதித்தாள்.

மதுரை_பிசியோ (நவம்பர் 8, காலை 6.00)

அதோடு ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படியில் நின்று குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குங்கள். 12 தடவை மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சைக்கிள் தாராளமாக ஓட்டலாம், சீட்டில் உட்கார்ந்தபடி.

அதிகாலை_அடையாறு (நவம்பர் 23, இரவு 8.45)

மூன்றாவது வாரம். இங்கே மழை விடவில்லை, குளம் நான்கு நாள் மூடியிருந்தது. மொத்தம் எட்டு முறை தண்ணீரில் ஓடியிருக்கிறேன். முதல் நாள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏணியை விட மனசு வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயிற்சியாளர் அக்கா ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீருக்குள் இறங்கி என் எதிரே வந்து நின்றார். விட்டேன். நேற்று 35 நிமிடம். காலில் வலி பூஜ்யம். மறுநாள் காலையும் பூஜ்யம்.

மழை நாட்களில் தரையில் படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்து முழங்காலைத் திறப்பது, பிளாங்க். மாமியார் என் பக்கத்திலேயே பாய் போட்டு அவருக்கு முடிந்ததைச் செய்கிறார். ராத்திரி இரண்டு கேழ்வரகு தோசை, தவறாமல்.

திருச்சி_தூரம் (நவம்பர் 24, காலை 7.10)

படித்தேன். நல்ல செய்தி. என் பதிவு கொஞ்சம் கடுமையாக இருந்தது, ஆனால் எழுதியதற்கு வருத்தம் இல்லை. கவட்டை வலியோடு யாராவது இங்கே வந்தால் அதைப் படிக்க வேண்டும்.

உங்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. நான் படுக்கையில் இருந்தபோது எனக்குத் தெம்பு தந்தவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். 1984 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை, 17 நாள் கழித்து ஒலிம்பிக் தேர்வு மாரத்தான். ஓட முடியாத நாட்களில் கையால் பெடல் சுற்றிப் பயிற்சி செய்தார். தேர்வில் ஜெயித்தார், ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானையும் 2.24.52இல் ஜெயித்தார். அவருக்கு இருந்தது எலும்பு விரிசல் இல்லை, அந்த 17 நாளை யாரும் கணக்காக எடுக்க வேண்டாம். கையாவது அசையட்டும் என்று இருந்தாரே, அதைத்தான் சொல்கிறேன்.

அதிகாலை_அடையாறு (ஜனவரி 11, பகல் 12.20)

பத்து வாரம். மாரத்தான் நாளில் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நின்றேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒவ்வொருவருக்கும் என் கையால் தம்ளர் கொடுத்தேன். டிசம்பரில் மாதவிடாய் வந்தது. மருத்துவர் அழுத்திப் பார்த்தார், வலி இல்லை, ஓட அனுமதி கொடுத்துவிட்டார்.

நேற்று 40 நிமிடம் வேக நடை, அதில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு முறை. அண்ணா நகர் பூங்காவில் மண் தடத்தில், அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். முதல் நிமிடத்தில் கால் எப்படி ஊன்றுவது என்பதே மறந்த மாதிரி இருந்தது, மூன்றாவதில் சரியானது. மூச்சு வாங்கவே இல்லை! இன்று காலை அந்த இடம் வலிக்கவில்லை, ஆனால் கெண்டைக்கால் இரண்டும் இறுகிக் கிடக்கிறது. நாளைக்கு ஓடலாமா? ஒரு நிமிடத்தை இரண்டாக்கலாமா?

மதுரை_பிசியோ (ஜனவரி 11, மாலை 6.40)

கெண்டைக்கால் இறுக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், பத்து வாரம் இல்லாத வேலை. மூச்சு வாங்காததுதான் எனக்குக் கவலை. மூச்சு தயாராக இருக்கிறது, எலும்பு இன்னும் தயாராகவில்லை. மூச்சை நம்பி வேகத்தை ஏற்றிவிடுவீர்கள். நாளைக்குத் தண்ணீர். நாளை மறுநாள் அதே ஆறு நிமிடம், கூட்ட வேண்டாம். அடுத்த நாள் காலை எழுந்ததும், தரையில் கால் வைப்பதற்கு முன்னால், அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அப்புறம் இரண்டு நிமிடத்தைப் பற்றிப் பேசலாம்.

கிணத்துக்கடவுக்காரன் (ஜனவரி 11, இரவு 9.15)

அக்கா, இந்த மழைக்குக் கிணற்றில் தண்ணீர் முப்பத்தைந்து அடி நிற்கிறது. பெல்ட்டை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள், மச்சானைப் படியில் உட்கார வைக்கிறேன்.